அனுமதி பெற்ற நீர்வீழ்ச்சி

ஷிபானுக்கும் கதிரைக்கும் ஒத்துவரவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் அவன் படித்த பள்ளிக்கூடத்தின் அதிபர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது ஷிபான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பான். உட்காரச் சொன்னால் உட்காருவான், கால் நிற்காது. காலை அதட்டி நிறுத்தினால் கை தாளம் போடும். ஒருநாள் முழங்காலில் நிறுத்திப் பார்த்தார்கள். முழங்காலிலேயே நகர்ந்து மைதானத்துக்குப் போய்விட்டான்.

"ஸனூஸ், ஒங்கட மகன் கெட்ட பிள்ளையில்ல," என்றார் அதிபர். "ஆனா இந்தக் கட்டடம் உக்கார்ற பிள்ளைகளுக்குன்னு கட்டினது."

ஸனூஸ் பண்டாரவளையில் சப்பாத்துக் கடை வைத்திருப்பவர். மனிதர்களை அவர் முகத்தைக் கொண்டு அல்ல, காலைக் கொண்டுதான் நினைவு வைத்திருப்பார். மகனுடைய சப்பாத்து மட்டும் ஏன் மூன்று மாதத்தில் தேய்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். ரிஸ்கா சமையலறையில் பருப்பைத் தாளித்துக்கொண்டே முடிவெடுத்தாள்.

"ஊட்லேயே வெச்சிப் படிப்பிப்போம். நான் கணக்கும் எழுத்தும் பாத்துக்கொள்றேன். நீங்க வெளிய கூட்டிப்போங்க."

இதைக் கேட்ட மூத்தவள் நப்லா, தம்பி போகாத இடத்துக்குத் தானும் போவதில்லை என்று புத்தகப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இப்படியாக அந்த வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்தால் திங்கட்கிழமை கடையில் ஈ ஓட்டவும் ஆள் வராது. அதனால் திங்கள்தான் சுற்றுலா நாள். ரயில் நிலையத்துக்குப் போனார்கள். மரக்கறி மொத்தக் கடையில் உருளைக்கிழங்கைப் பெரிது சிறிதாகப் பிரிப்பதைப் பார்த்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடுவதை முகர்ந்தார்கள். இதற்கிடையில், பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாக எழுத்துக் கூட்டவே திணறிய ஷிபான், பஸ் நிலையத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டான். கரும்பலகை காத்திருக்கும், பஸ் காத்திருக்காது. பலகையை வேகமாக வாசிக்காவிட்டால் பஸ் போய்விடும் என்பது அவனுடைய காலுக்கு நன்றாக விளங்கியது.

"வெலிமடை! பசறை! ம... மடுல்... மடுல்சீமை!"

ஒரு திங்கள் காலையில் அவன் இப்படிக் கத்தி வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மெருகேற்றிய கறுப்புச் சப்பாத்து, ஆனால் வலது குதி தேய்ந்தது என்று ஸனூஸ் கவனித்தார்.

"தம்பி, இன்னைக்கு ஸ்கூல் லீவா?"

"நான் ஸ்கூல் போறல்ல. ஊட்லதான் ஸ்கூல்."

ஸனூஸ் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால் பொலிஸ் வருமா, கடையைப் பூட்டுவார்களா என்றெல்லாம் ஒரு கணத்தில் ஓடியது. ஆனால் அந்த மனிதர் கோபப்படவில்லை. ஸனூஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"ஐயா! உங்களத்தாங்க இத்தன நாளா தேடிக்கிட்டிருக்கோம்!"

அவர் பெயர் ஜெயரூபன். பதுளையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கும் 'வீட்டுவழிக் கல்வி வெளிக்கள ஒழுங்கமைப்புப் பிரிவு' என்ற அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வெளியே போய்வருவதை ஒழுங்குபடுத்துவதற்காக அந்தப் பிரிவு அமைக்கப்பட்டிருந்தது. மேசைகள் வந்தன, அலுவலர்கள் வந்தார்கள், வாகனங்கள் வந்தன. வீட்டில் படிக்கும் பிள்ளை மட்டும் வரவில்லை.

மறுநாள் ஸனூஸ் பதுளைக்குப் போனார். பணிப்பாளர் தேவசிகாமணி எழுந்து நின்று வரவேற்றார். மற்ற அலுவலர்கள் கதவோரம் நின்று, ரயிலில் யானை வந்து இறங்கியதுபோல் ஸனூஸைப் பார்த்தார்கள்.

"உண்மைய சொல்றேன், ஸனூஸ்," என்றார் பணிப்பாளர், "பிள்ளைங்களே இல்லாம இந்தப் பிரிவ நாங்க ரொம்பச் சிறப்பா நடத்திக்கிட்டு வந்தோம். ஒரு முறைப்பாடு கிடையாது. ஒரு விபத்து கிடையாது. போன வருஷம் சிறந்த நிர்வாகத்துக்கு விருதும் கெடச்சுச்சு. இப்ப பிள்ளைங்க வந்துட்டாங்க. கொஞ்சம் கவனமாத்தான் இருக்கணும்."

"சேர், நாங்க சும்மா திங்கக்கெழம திங்கக்கெழம..."

"சும்மாவா?" பணிப்பாளர் ஜெயரூபனைப் பார்த்தார். ஜெயரூபன் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டார்.

விதிகளை ஜெயரூபன் விளக்கினார். வீட்டு வாசற்படியைத் தாண்டி பிள்ளை வைக்கும் அடி எல்லாம் கல்விச் சுற்றுலாதான். முடுக்குக் கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வருவது குறுந்தூரச் சுற்றுலா. சாச்சி வீட்டுக்குப் போவது சமூகவியல் சுற்றுலா. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். அதோடு, போகும் இடத்தில் பிள்ளை என்ன கேள்வி கேட்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும்.

"அவன் என்ன கேப்பான்டு எனக்கு எப்பிடித் தெரியும் சேர்? அவனுக்கே தெரியாதே."

"அதுக்குத்தாங்க பயிற்சி. அனுமதி இல்லாத கேள்வி கேட்டா, 'அது அடுத்த தவணைக்கு உரியது'ன்னு சொல்லிடுங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம்."

"ஒத்துவராட்டி?"

ஜெயரூபன் குரலைத் தாழ்த்தினார். பயமுறுத்துகிற ஆள் இல்லை அவர். சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "ஒத்துவராட்டி பிள்ளைங்கள ஸ்கூலுக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதே வகுப்பு. அதே கதிரை."

இரண்டு மாதம் அனுமதி வரவில்லை. திங்கட்கிழமைகள் வந்துவந்து போயின. ஷிபான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான், கட்டிலைச் சுற்றினான், படிக்கட்டில் ஏறி இறங்கினான். அவன் நடப்பதைப் பார்த்துப் பார்த்து ரிஸ்காவுக்கும் கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. புத்தகத்தை விரித்துவைத்தால் மறுபடி எழுத்துக் கூட்டினான். 'வெலிமடை' என்பதையே 'வெ... வெல்...' என்று திக்கினான். அதைக் கேட்ட இரவு ஸனூஸுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு வலதுகால் சப்பாத்தைக் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

கடைசியில் அனுமதி வந்தது, ஒத்திகை நடத்த. சுற்றுலாவுக்கு முன் வீட்டிலேயே ஒத்திகைச் சுற்றுலா ஒன்று நடக்கவேண்டுமாம். ஜெயரூபன் வந்து கூடத்துச் சோபாவை பஸ் என்று அறிவித்தார். சமையலறைத் தண்ணீர்க் குழாய் நீர்வீழ்ச்சி. நப்லாவும் ஷிபானும் சோபாவில் ஏறினார்கள். ஜெயரூபன் முன்னால் நின்று வளைவுகளுக்கு ஏற்றாற்போல் சாய்ந்தார்.

"இப்ப பசறை வருது. எல்லாரும் வெளிய பாருங்க."

"அங்க எங்கட அலுமாரிதான் ஈக்கி," என்றாள் நப்லா.

"அலுமாரியப் பாருங்கம்மா."

ஷிபான் பாதிவழியில் சோபாவை விட்டிறங்கி சமையலறைக்கு ஓடிவிட்டான். ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்த குற்றம் அவன் பெயரில் எழுதப்பட்டது. ரிஸ்கா குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன செய்யணும்? நீர்வீழ்ச்சியா நிக்கணுமா?"

"நீங்க தேநீர் போடலாங்க," என்றார் ஜெயரூபன் பணிவாக.

மாதிரிச் சுற்றுலா ஒரு வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் விழும் நீர்வீழ்ச்சி தெரிவாயிற்று. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது. அதனால் யாரும் ஆட்சேபிக்க முடியாது என்று பணிப்பாளர் விளக்கினார். இரண்டு பிள்ளைகளுக்காக மூன்று வாகனங்கள் புறப்பட்டன. முதலாவதில் பணிப்பாளர். இரண்டாவதில் பதாகை, ஒலிபெருக்கி, மங்கள விளக்கு. மூன்றாவதில் கதிரைகள், அவற்றின் நடுவே ஸனூஸ் குடும்பம். பசறை வளைவுகளில் கதிரைகள் சரிந்து சரிந்து விழ, ஷிபான் முதல்முறையாகக் கதிரைகளோடு சிநேகமாகிச் சிரித்தான்.

போய்ச் சேர்ந்தபோது வரவேற்பு நடனத்துக்காகத் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இந்தச் சுற்றுலாவுக்காக அவர்களுக்கு அன்றைக்குப் பாடம் இல்லை. ஒருத்தி காலில் சலங்கை கட்டி வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தாள். ஸனூஸ் அவளுடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு வேறு பக்கம் திரும்பினார்.

நீர்வீழ்ச்சி, விழாவுக்காக அடித்திருந்த கூடாரத்துக்குப் பின்னால் இருந்தது. புகைப்படத்தில் நீர்வீழ்ச்சி தெரியவேண்டும் என்பதால் பிள்ளைகளை அதற்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள்.

"சேர், அவங்க அதப் பாக்கத்தானே வந்தாங்க?" என்றார் ஸனூஸ்.

"பாத்துக்கிட்டிருந்தா முகம் எப்பிடிங்க படத்துல விழும்?" என்றார் ஜெயரூபன். அவர் வழியெல்லாம் வாந்தியெடுத்து வெளிறிப்போயிருந்தார். "படம் கழுவி வந்ததும் ஒங்களுக்கும் ஒண்ணு தர்றோம். அதுல நல்லாப் பாக்கலாம்."

விளக்கேற்றினார்கள். வரவேற்புரை நடந்தது. பிறகு பணிப்பாளர் எழுந்தார். தண்ணீரின் இரைச்சலில் அவருடைய முதல் வாக்கியம் அடிபட்டுப் போயிற்று. அவர் ஜெயரூபனை அழைத்தார்.

"அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

ஜெயரூபன் ஓடினார். யாரிடம் போனாரோ தெரியாது. திரும்பி வந்து, "மேல மழையாம் சேர், இன்னைக்கு ஏலாதாம்," என்றார். பணிப்பாளர் பெருந்தன்மையோடு தலையாட்டிவிட்டு ஒலிபெருக்கியைக் கூட்டச் சொன்னார்.

"அன்பான பிள்ளைகளே! இயற்கைதான் சிறந்த ஆசான் என்பார்கள். ஆனால் இயற்கைக்கு நியமனக் கடிதம் உண்டா? தகுதிகாண் காலம் உண்டா? இந்த நீர்வீழ்ச்சி எத்தனையோ காலமாக எந்த மேற்பார்வையும் இல்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. இன்று முதல் அது எங்கள் பிரிவின் கீழ் விழுகிறது."

கைதட்டினார்கள்.

"நான் பசறையில் பிறந்தவன். இந்த இடத்திலிருந்து கூப்பிடுதூரம். ஆயினும் இன்றுவரை இங்கே வந்ததில்லை. ஏன்? எனக்கு நேரமில்லை, கல்விக்காக உழைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. கவனியுங்கள். இதற்குப் பெயர்தான் ஒழுக்கம்."

மறுபடி கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் நப்லா வாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா. தம்பி இல்ல."

ஸனூஸ் திரும்பினார். கதிரை வெறுமையாக இருந்தது. அதன் கீழே ஷிபானின் சப்பாத்து இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்றால் தண்ணீருக்குத்தான் போயிருக்கிறான். ஸனூஸுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

"மகன்! ஷிபான்!"

"பதட்டப்படாதீங்க," என்றார் பதிவேடு வைத்திருந்த அலுவலர். "பிள்ள இருக்கான். வரவுல அடையாளம் போட்டிருக்கு."

"கதிரையில இல்லையே!"

"பதிவுல இருக்கான்ங்க. நிகழ்ச்சி முடிஞ்சப்புறம்தான் வெளியேறினதா எழுதலாம். இன்னும் நன்றியுரை இருக்கே."

ரிஸ்கா ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தாள். ஸனூஸ் அவளைத் தாண்டி ஓடினார். தண்ணீருக்கு இறங்கப் பாதை என்று ஒன்றும் இல்லை; பாசி பிடித்த கல்லும் வேரும்தான். எத்தனையோ பேருக்கு வழுக்காத சப்பாத்து விற்ற மனிதர் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். தண்ணீர் இரைச்சலில் அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. பின்னால் யாரோ வருவது தெரிந்தது. பணிப்பாளர். எழுதிய உரையைக் கையில் பிடித்தபடி, முதுகால் சறுக்கி, ஸனூஸுக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்தார்.

ஷிபான் ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான்! கால் அசையவில்லை, கை தாளம் போடவில்லை. வாய் திறந்திருக்க, தலையை அண்ணாந்து, மேலிருந்து விழும் தண்ணீரை முழு உடம்பாலும் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் ஈரம். ஸனூஸ் பிடித்து அணைத்தபோதுகூட அவன் கண்ணை எடுக்கவில்லை.

"வாப்பா, இது நிக்கவே மாட்டேங்குதே. என்னப் போலயே."

ஸனூஸ் மகனை மார்போடு இறுக்கிக்கொண்டு அதே பாறையில் உட்கார்ந்துவிட்டார். ரிஸ்கா வந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பணிப்பாளர் எழுந்தார். காற்சட்டையில் சேறு. திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், சாரல் முகத்தில் அடிக்க, மேலே பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. உரை கையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போனது. கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க சின்னதுல இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவோம்," என்றார், யாரிடம் என்றில்லாமல். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

அப்போது மேலே ஜெயரூபனும் புகைப்படக்காரரும் வந்து நின்றார்கள். பணிப்பாளர் நாடாவைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் பழைய முகம் வந்துவிட்டது.

"யார் இந்த இடத்துக்கு அனுமதி குடுத்தது?"

"சேர்தான்," என்றார் ஜெயரூபன்.

சுற்றுலா பெருவெற்றி என்று அலுவலகம் அறிவித்தது. அடுத்த வாரம் ஸனூஸை மறுபடி பதுளைக்கு அழைத்தார்கள். ஜெயரூபன் நல்ல செய்தி சொன்னார். ஸனூஸ் குடும்பம் இனி மாதிரிக் குடும்பம். ஊவா மாகாணம் முழுக்க அழைத்துப்போய், ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டுவார்கள். மறுத்தால் பள்ளிக்கூடம்.

ஸனூஸ் வெளியே வந்து படிக்கட்டில் நின்று ரிஸ்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் பருப்புத் தாளிக்கும் சத்தம் கேட்டது.

"அவங்களுக்கு ஸ்கூல்ல பேர் இல்லாத பிள்ளைகள்தானே வேணும்?" என்றாள் ரிஸ்கா. "ஸ்கூல்ல பேர் ஈந்தா?"

"ஈந்தா அவங்களுக்கு அதிகாரமில்ல. ஆனா ஸ்கூலுக்கு அனுப்பணுமே."

"ஸ்கூலுக்கு வராத பிள்ளைகள யாரு பாக்குறயாம்? கேட்டுப் பாருங்க."

ஸனூஸ் திரும்பிப் போய், பொதுஅறிவுக்குக் கேட்பதுபோல் கேட்டார்.

"அது வேற பிரிவுங்க. 'வரவின்மைக் கண்காணிப்பு'. கீழ்மாடி," என்றார் ஜெயரூபன். "ஆனா அங்க இப்ப யாரும் இல்ல. போட்ட ஆள் வேலைக்கு வர்றதேயில்லயே."

ஸனூஸ் பண்டாரவளைக்குப் பஸ் ஏறினார். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். அதிபர் முதலில் பயந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. பிள்ளைகள் தொகை குறைந்து ஒரு ஆசிரியரைத் தூக்கப்போகிறார்கள் என்ற கவலையில் அவர் இருந்தார்.

"பேர் மட்டும் இருந்தா போதும் ஸனூஸ். ரெண்டு பேரையும் சேத்துடுறேன். ஆனா ஒண்டு, வந்துடப்படாது. கதிரை கொறைவு."

இப்படியாக ஷிபானும் நப்லாவும் பள்ளிக்கூட மாணவர்கள் ஆனார்கள். பதுளையில் அந்தப் பிரிவு மறுபடி பிள்ளைகள் இல்லாமல் நடந்தது. அந்த வருஷ விருதும் அதற்கே கிடைத்தது.

ஒரு திங்கட்கிழமை வாப்பாவும் பிள்ளைகளும் மடுல்சீமை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். நப்லா ஜன்னலோரம். ஷிபான் நின்றுகொண்டு, கடந்துபோகும் கடைப்பெயர்களை ஒன்றுவிடாமல் வாசித்தான். பசறையில் ஏறியவர் ஜெயரூபன். எங்கோ அத்தை வீட்டுக் கலியாணமாம். ஸனூஸைக் கண்டதும் அவருடைய கண் பிள்ளைகளைத் தேடியது.

"இன்னைக்கு ஸ்கூல் இருக்கே?"

ஸனூஸ் பிள்ளைகளைப் பார்த்தார். "இருக்கு சேர். இவங்க... ஆப்சன்ட்."

"ஆப்சன்டா!" ஜெயரூபன் பெரிய மூச்சொன்று விட்டு, பக்கத்து இருக்கையில் சாய்ந்தார். "அப்பாடா. நான் பயந்துட்டேங்க. எங்கயோ படிக்கக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்னு."

மூன்றாவது வளைவிலேயே அவருக்குத் தலை சுற்றியது. நப்லா எழுந்து ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தாள். அவர் வெளியே தலையை நீட்டி, மலையையும் பனியையும் வேண்டாவெறுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திடீரென்று பஸ் நின்றது. முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். மண் சரிந்ததா, மரம் விழுந்ததா, தெரியவில்லை. ஷிபானின் கால் ஏற்கெனவே படியில் இருந்தது.

"வாப்பா, பஸ் ஏன் நிண்ட?"

"தெரியா மகன்," என்றார் ஸனூஸ், எழுந்துகொண்டே. "எறங்கிப் பாப்போம்."